உலைக்கு வெளியே ஒரு கண்ணாடி

2021 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ‘ட்வைனியோ’ என்ற முகப்பருக் களிம்புக்கு அனுமதி வழங்கியது. அதிலுள்ள ட்ரெட்டினாயின், பென்சாயில் பெராக்சைடு இரண்டும் தோல் மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்குபவை. வெறுமனே ஒரே குழாயில் கலந்தால் பெராக்சைடு மற்றதைச் சிதைத்துவிடும் என்பதால், காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதிக்கொடுப்பது வழக்கம். இஸ்ரேலைச் சேர்ந்த சோல்-ஜெல் டெக்னாலஜீஸ் நிறுவனம் இரண்டையும் தனித்தனியே சிலிக்கா ஓட்டுக்குள் அடைத்து ஒரே களிம்பில் வைத்தது. சிலிக்கா என்பது மணலின் மூலப்பொருள், கண்ணாடியின் முதுகெலும்பு. அதை உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் எந்த மருந்து மிஞ்சும்? எனவே ஓட்டை யாரும் உருக்கி வார்க்கவில்லை. மருந்துத் துகளைச் சுற்றி அதைக் கரைசலிலிருந்தே வளர்த்தெடுத்தார்கள்.

இப்படி வளர்க்கும் முறைதான் சோல்-ஜெல். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ‘குறைந்த வெப்பநிலை’ என்ற புகழுரையோடு தொடங்கும். அந்தப் புகழ் பாதி உண்மை. தொழிலில் நிலைத்துவிட்ட சோல்-ஜெல் பொருட்களை எடுத்துப் பார்த்தால், பலவும் கடைசியில் ஏதோ ஓர் உலைக்குள் போய்த்தான் வந்திருக்கின்றன. அவை வென்றதற்குக் காரணம் வேறு. மெல்லியதாகவோ சிறியதாகவோ துளை நிறைந்ததாகவோ இருக்கச் சம்மதித்தவை வென்றன. கனமான கட்டியாக வர ஆசைப்பட்டவை பெரும்பாலும் வெடித்துப்போயின.

வேதியியல் எளியது. சிலிக்கான் அணுவின் நான்கு கைகளிலும் எத்தாக்சி தொகுதிகளைப் பிணைத்தால் தண்ணீர்போல் தெளிந்த ஒரு திரவம் கிடைக்கும். 1846 வாக்கில் பிரான்சின் ழாக்-ழோசஃப் எபெல்மன் இதைச் செய்தார். சிலிக்கான் டெட்ராகுளோரைடையும் சாராயத்தையும் சேர்த்து அவர் பெற்ற திரவம், ஈரக் காற்று பட்டு மெல்ல மெல்லக் கண்ணாடிபோல் இறுகியது. நடந்தது இதுதான்: நீர் மூலக்கூறு எத்தாக்சியைக் கழற்றி அந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. இப்படி மாறிய இரண்டு மூலக்கூறுகள் சந்திக்கும்போது நடுவில் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் பாலம் விழுகிறது. முதலாவது நீராற்பகுப்பு, இரண்டாவது குறுக்க வினை. பாலங்கள் பெருகி நுண்துகள்கள் மிதக்கும் கூழ்மக் கரைசல் ஆகும், அதுவே சோல்; துகள்கள் கோத்துக்கொண்டு பாத்திரம் முழுக்க ஒரே வலையாகும்போது அது ஜெல்.

கைத்திறன் எல்லாம் வினையூக்கியில் இருக்கிறது. அமிலம் சேர்த்தால் கிளை குறைந்த சங்கிலிகள் உருவாகும். அதை நூலாக இழுக்கலாம், கண்ணாடிமேல் படலமாகப் பூசலாம். காரம் சேர்த்தால் உருண்டைகள் திரளும். 1968-இல் ஸ்டூபர், ஃபிங்க், போன் மூவரும் சாராயத்தில் அம்மோனியாவைக் கலந்து, ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகளை 50 நானோமீட்டரிலிருந்து 2 மைக்ரான் வரை வேண்டிய பருமனில் பெற்றார்கள். இன்றைக்கும் நானோ ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவருக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் வினைகளில் அது ஒன்று.

தொல்லை உலர்த்தும்போதுதான் ஆரம்பிக்கிறது. ஈர ஜெல்லின் துளைகள் சில நானோமீட்டர் அகலமே. அவற்றிலிருந்து நீரும் சாராயமும் ஆவியாகும்போது நுண்புழை விசை சுவர்களை உள்ளே இழுக்கிறது. ஜெல் தன் பருமனில் ஐந்தில் ஒன்றாக, சிலவேளை பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். கோடையில் ஏரி வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதும் இதே இயற்பியல்தான். வெடிப்பைத் தவிர்க்க வாரக்கணக்கில் மெல்ல உலர்த்த வேண்டும். எந்த ஆலை அதுவரை காத்திருக்கும்?

இதற்கு ஒரு வழி, மெல்லியதாகப் பூசுவது. 1939-இல் ஜெர்மனியின் யேனா நகர ஷாட் கண்ணாடி ஆலையைச் சேர்ந்த கெஃப்கனும் பெர்கரும், கண்ணாடியைக் கரைசலில் முக்கி எடுத்து ஆக்சைடுப் படலம் போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். படலம் ஒரு மைக்ரானுக்குள் அடங்கினால், சுருக்கம் முழுவதும் தடிமன் வாக்கில் நடந்துவிடும், வெடிக்காது. சூரியத் தகடுகளின் கண்ணாடி இன்று நம்பியிருப்பதும் இந்த நுட்பத்தையே. வெறும் கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதைத் தடுக்கும் படலத்தின் ஒளிவிலகல் எண் 1.23-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அவ்வளவு குறைந்த எண்ணுள்ள, வெயிலும் மழையும் தாங்கும் திடப்பொருள் இயற்கையில் கிடைப்பதில்லை. சிலிக்காவுக்குள் காற்றுத் துளைகளை விட்டுவைத்தால் கிடைக்கும். ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனில் சோல்-ஜெல் அதைத் தருகிறது.

இன்னொரு வழி, துளைகளைச் சுருங்கவிடாமல் காப்பாற்றுவது. 1931-இல் அமெரிக்காவின் சாமுவேல் கிஸ்லர், திரவத்தை மாறுநிலை வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய் ஆவியாக வெளியேற்றினார். அங்கே திரவப் பரப்பே இல்லாததால் இழுவிசையும் இல்லை. கிடைத்தது ஏரோஜெல்: பெரும்பகுதி காற்று, மிச்சம் சிலிக்கா, அசையாத காற்றையும் விடக் குறைந்த வெப்பக் கடத்துதிறன். நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்ட்-2 வால்மீனின் தூசியை 2004-இல் இதில்தான் பிடித்தது. விநாடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் வந்த துகள்கள் இதற்குள் தடம் பதித்து நின்றன; 2006 ஜனவரியில் பூமிக்கு வந்து சேர்ந்தன.

சாணைக்கல்லின் கதை இவ்வளவு பகட்டில்லாதது. எனக்கு அதுவே கூடுதலாகப் பிடிக்கும். 1980-களின் தொடக்கத்தில் 3எம் நிறுவனம் அலுமினா ஜெல்லை உலர்த்தி, நொறுக்கி, 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு, க்யூபிட்ரான் என்ற சாணைத் துகளாக விற்றது. உருக்கி உடைத்த பழைய அலுமினாத் துகள் ஒவ்வொன்றும் பெரிய படிகம். உராயும்போது அதன் முனை மழுங்கும். ஜெல் வழி வந்த துகளுக்குள் மைக்ரானுக்கும் குறைந்த படிகங்கள் எண்ணற்றவை. நுனி மட்டும் உதிர்ந்து புதுமுனை வெளிப்படும். உலை இதிலும் தவிர்க்கப்படவில்லை. மிச்சமானது எஃகைத் தேய்க்கும் தொழிலாளியின் நேரம்.

அணு எரிபொருளிலும் நிலைமை இதுவே. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் யுரேனியம்-புளூட்டோனியம் ஆக்சைடு நுண்கோளங்களை இவ்வழியில் தயாரிக்கும் ஆய்வைச் செய்திருக்கிறது. உலோக நைட்ரேட் கரைசலில் யூரியாவையும் ஹெக்சமெத்திலீன்டெட்ரமினையும் சேர்த்துக் குளிரவைத்து, சூடான எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சூட்டில் அம்மோனியா பிறந்து, சொட்டு உருண்டையாகவே இறுகும். இவற்றையும் பிறகு உலையில் சுடத்தான் வேண்டும். தூள் அரைக்கும் வேலை இல்லை. புளூட்டோனியத் தூசி பறக்காது என்பதே இங்கு முழு லாபமும். ஆனாலும் உலகின் மின் உற்பத்தி உலைகளில் வில்லை எரிபொருளே ஆட்சி செய்கிறது.

வீட்டுச் சமையலறைக்கும் இது வந்துவிட்டது. ‘செராமிக் கோட்டிங்’ என்று விற்கும் ஒட்டாத வாணலிகளில் பெரும்பாலானவை சோல்-ஜெல் சிலிக்காப் பூச்சுதான். டெஃப்ளானைவிட அதிகச் சூடு தாங்கும். ஆனால் ஒட்டாத குணம் சீக்கிரம் போய்விடும்.

இவையெல்லாம் கனிமப் பொருட்கள். இரண்டாம் கிளை கலப்பினம்: கனிம வலைக்குள் கரிமப் பொருளைப் பிணைப்பது. 1980-களில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ஹெல்முட் ஷ்மிட் தலைமையில் உருவான ஆர்மோசர் வகை, கண்வில்லைக்கான ஆய்வில் தொடங்கிப் பல் அடைப்புப் பசையாகக் கடைக்கு வந்தது. விமானத் தொழிலில் போயிங் உருவாக்கிய பூச்சு, சிர்கோனியம் முனையால் உலோகத்தையும் எப்பாக்சி முனையால் வண்ணப்பூச்சையும் பற்றிக்கொள்கிறது. நச்சுள்ள குரோமேட்டைக் கைவிட இது உதவுகிறது. ஆனால் குரோமேட் கீறலைத் தானே ஆற்றும், இது ஆற்றாது. அந்தக் குறையை மேற்பூச்சுதான் ஈடுகட்ட வேண்டும்.

மருத்துவப் பக்கம் கதவைத் திறந்தது ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகம். 1984-இல் அவ்னிர், லெவி, ரைஸ்ஃபெல்ட் மூவரும் ரோடமின் சாயத்தைச் சிலிக்கா ஜெல்லுக்குள் சிதையாமல் அடைத்தார்கள். 1990-இல் நொதிகளும் உள்ளே உயிர்ப்போடு இருந்தன. முகப்பருக் களிம்பை ஆக்கிய நிறுவனம் இந்த ஆய்விலிருந்து கிளைத்ததே. அங்கே குறைந்த வெப்பம் என்ற வாக்குறுதி அப்பட்டமாக மெய்யானது.

எலும்பில் அது இன்னும் மெய்யாகவில்லை. 1969-இல் ஃபுளோரிடாவில் லாரி ஹென்ச் உருக்கிய 45எஸ்5 கண்ணாடி, எடையில் 45 சதவீதம் சிலிக்கா, சோடியம், கால்சியம் ஆக்சைடுகள் தலா 24.5 சதவீதம், 6 சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு கொண்டது. உடலின் திரவம் பட்டதும் அதன் மேல் எலும்புத் தாதுவை ஒத்த படலம் விளையும். உயிருள்ள எலும்பு அதோடு ஒட்டிக்கொள்ளும். உருக்கிய கண்ணாடியில் சிலிக்கா 60 சதவீதத்தைத் தாண்டினால் இந்தக் குணம் மங்கிவிடும். 1991-இல் ஹென்ச் குழுவே சோல்-ஜெல் வழியில் செய்து காட்டியபோது, நுண்துளைப் பரப்பின் தயவால் அந்த வரம்பு மிக உயர்ந்தது, சோடியமும் தேவைப்படவில்லை. ஆனால் கண்ணாடி கண்ணாடிதான், பளு விழுந்தால் உடையும். ஆகவே ஜெலட்டின், கைட்டோசான், பாலிகேப்ரோலாக்டோன் போன்ற பலபடிகளைச் சிலிக்கா வலையோடு மூலக்கூறு அளவில் பிணைத்து வளைந்துகொடுக்க வைக்கும் முயற்சி தொடங்கியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜூலியன் ஜோன்ஸ் குழு 2018-இல் வெளியிட்ட கலப்பினம் அழுத்தினால் எழும்பும், முப்பரிமாண அச்சில் வார்க்கலாம்.

இங்கேதான் கால்சியம் வழி மறிக்கிறது. எலும்பு வளர அது தேவை. ஆய்வகங்கள் வழக்கமாகச் சேர்ப்பது கால்சியம் நைட்ரேட். அது கரைசலில் கரைந்து துளைகளிலேயே தங்கி, உலர்ந்ததும் பரப்பில் உப்பாகப் படிந்துவிடும். ஜெல்லை 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் கால்சியம் சிலிக்கா வலைக்குள் நுழையும். நைட்ரேட்டை விரட்ட அதைவிடவும் கூடுதல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் கருகிவிடும். மாற்றாகக் கால்சியம் மெத்தாக்சிஎத்தாக்சைடு உண்டு. அறை வெப்பத்திலேயே அது வலைக்குள் சேரும். ஆனால் ஈரத்தைக் கண்டால் உடனே வினைபுரியும், ஜெல்லும் கைக்கு அடங்காத வேகத்தில் இறுகும். வழி இருக்கிறது, வசதி இல்லை.

அதனால் எலும்பு மருத்துவத்தில் விற்பனையில் நிற்பது பெரும்பாலும் உலையில் உருக்கிய கண்ணாடியின் தூளும் துணுக்கும்தான். பற்பசையில் நோவாமின் என்ற பெயரில் வருவதும் அந்த 45எஸ்5 தான். எலும்புக்கான கலப்பினம் பற்றிய கட்டுரை எதையாவது படிக்க நேர்ந்தால், கால்சியம் எந்த வடிவில் சேர்ந்தது, பொருள் எத்தனை டிகிரிச் சூட்டைப் பார்த்தது என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள். அவை இல்லையென்றால், மேலே படிப்பது உங்கள் விருப்பம்.