கிராஷிலிருந்து பின்னோக்கி: ஆர்ஆர் டீபக்கர்

கம்பைலர் சொல்லும் பிழை பெரும்பாலும் தவறு நடந்த வரியிலேயே இருக்கும், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த வரியில் இருக்கும். லிங்கரிடம் போனால் தூரம் கூடிவிடுகிறது. க்யூட்டியில் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு விடேபிள்’ என்ற செய்தி நன்றாகவே பழக்கம். விடேபிளை யாரும் கையால் எழுதுவதில்லை. பிறகு அது எப்படிக் காணாமல் போகும்? கிளாஸுக்குள் க்யூ ஆப்ஜெக்ட் மேக்ரோவைச் சேர்த்திருப்பார்கள். அந்த ஹெடர் ஃபைலை ‘மாக்’ என்ற கருவி படிக்க வழி செய்திருக்க மாட்டார்கள். சிமேக்கில் ஆட்டோமாக்கை இயக்கி மறுபடி பில்டு செய்தால் சரியாகிவிடும். செய்தியில் இருப்பது ஒன்று, காரணம் இன்னொன்று. ஆனாலும் லிங்கர் பிழையில் ஒரு நிம்மதி உண்டு. எத்தனை தடவை பில்டு செய்தாலும் அதே பிழை, அதே இடத்தில் வரும்.

புரோகிராம் ஓடும்போது வரும் கிராஷில் அந்த நிம்மதியும் கிடையாது. தவறு நடந்த நேரம் ஒன்று, அது வெளியே தெரியும் நேரம் வேறு. நடுவில் லட்சக்கணக்கான கட்டளைகள் ஓடியிருக்கும். வழக்கமான டீபக்கர் கிராஷ் ஆன இடத்தைக் காட்டும்; அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லாது. சந்தேகப்படும் இடத்தில் பிரேக்பாயின்ட் வைத்து மறுபடி ஓட்ட வேண்டும். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த முறை கிராஷே வராமலும் போகலாம்.

இந்த இடைவெளிக்காகவே உருவான கருவி ஆர்ஆர். ‘ரெக்கார்ட் அண்ட் ரீப்ளே’ என்பதன் சுருக்கம். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவில் பிறந்து, 2014இல் முதல் பதிப்பாக வெளிவந்தது. இன்றும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைகளில் சில எப்போதாவது ஒருமுறை மட்டும் தோற்கும். மறுபடி ஓட்டினால் தேறிவிடும். அப்படி ஒருமுறை தோற்றதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கிருந்த தேவை. ஒரு புரோகிராமின் ஓட்டத்தை ஆர்ஆர் ஒருமுறை பதிவு செய்கிறது. பிறகு அதே ஓட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும், முன்னாலும் பின்னாலும், ஜிடிபி வழியாக ஓட்டிப் பார்க்கலாம்.

பதிவு என்றதும் ஒவ்வொரு கட்டளையையும் எழுதி வைக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் புரோகிராம் ஊர்ந்துதான் போகும். ஆர்ஆர் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதே உள்ளீட்டைக் கொடுத்தால் பிராசஸர் அதே கணக்கைத்தான் போடும். ஒவ்வொரு முறையும் மாறக்கூடியவை வெளியிலிருந்து வருபவை மட்டுமே. ஃபைலிலிருந்து படித்தது, நெட்வொர்க்கில் வந்தது, கடிகாரம் சொன்ன நேரம், சிக்னல்கள், எந்தக் கணத்தில் ஒரு த்ரெட்டை நிறுத்தி இன்னொன்றை ஓடவிட்டது என்ற விவரம். இவற்றை மட்டும் பதிவு செய்தால் போதும். சிக்னல் சரியாக எங்கே வந்தது என்பதைக் குறிக்க, பிராசஸரிலேயே இருக்கும் செயல்திறன் கவுன்ட்டரைக் கொண்டு, அதுவரை முடிந்த நிபந்தனைக் கிளைகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறது. ரீப்ளேயின்போது பெரும்பாலான சிஸ்டம் கால்கள் உண்மையில் நடப்பதில்லை. பதிவில் உள்ள விடை அப்படியே ஊட்டப்படுகிறது. அதனால் நினைவக முகவரிகள்கூட ஒவ்வொரு ரீப்ளேயிலும் இம்மி பிசகாமல் அதேதான். ஒரு ஆப்ஜெக்ட்டின் முகவரியைக் காலையில் தாளில் குறித்து வைத்தால், மாலையில் ஓட்டும்போதும் அந்த ஆப்ஜெக்ட் அங்கேயேதான் இருக்கும்.

உபுண்டுவில் நிறுவுவது எளிது. ஆப்ட்டில் கிடைப்பது பெரும்பாலும் கொஞ்சம் பழைய பதிப்பு, அதனால் திட்டத்தின் சொந்த வெளியீட்டை இறக்கிக்கொள்வது நல்லது. முதல் தடை கவுன்ட்டர் அனுமதி. கெர்னலில் ‘பெர்ஃப் ஈவன்ட் பாரனாய்டு’ என்ற அமைப்பை உபுண்டு 4 என்று வைத்திருக்கிறது. ஆர்ஆருக்கு அது 1 ஆகவாவது இறங்க வேண்டும். இரண்டாவது தடை பிராசஸர். இன்டெல் என்றால் நேராக ஓடிவிடும். ஏஎம்டி ரைஸன் என்றால், எண்ணிக்கையைத் தவறாக்கும் ஒரு சில்லு வசதியை முடக்க வேண்டியிருக்கிறது. அதற்கான ஸ்க்ரிப்ட்டை ஆர்ஆரே தருகிறது, ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி அதை ஓட்ட வேண்டும். விர்ச்சுவல் மெஷினுக்குள் வேலை செய்கிறவர்கள் அந்த மெஷினுக்கு கவுன்ட்டர் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விஎம்வேரில் அமைப்புகளில் ஒரு டிக் போட்டால் போதும். விர்ச்சுவல்பாக்ஸில் வழியே இல்லை.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது சரக்கு இருப்புக் கணக்கு வைக்கும் ஒரு பழைய க்யூட்டி புரோகிராம். பொருளின் விவரத்தைத் திருத்தும் சின்ன விண்டோவை மூடிவிட்டு, பிரதான விண்டோவின் பட்டியலில் ஏதாவது ஒரு வரியை க்ளிக் செய்தால் சில நேரம் கிராஷ் ஆகும், சில நேரம் ஆகாது. வெறும் ஜிடிபியில் பார்த்தால் பேக்ட்ரேஸ் க்யூட்டி லைப்ரரிக்குள் போய் நிற்கிறது. மாடல் ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் பாயின்ட்டரின் எண் ஒழுங்காகவே தெரிகிறது. அது சுட்டும் இடத்தில் கிடப்பதோ குப்பை.

ஆர்ஆரின் கீழ் புரோகிராமை ஓட்டி, கிராஷ் வரும்வரை திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். வந்ததும் பதிவு முடிந்தது. ரீப்ளேயைத் தொடங்கி ‘கன்டினியூ’ கொடுத்தால் அதே செக்மென்டேஷன் ஃபால்ட்டில் வந்து நிற்கிறது. ஆப்ஜெக்ட்டின் முதல் 8 பைட்டில் விடேபிளின் முகவரி இருக்க வேண்டும். அங்கே வேறு ஏதோ இருக்கிறது. அந்த 8 பைட்டின் மேல் ஒரு வாட்ச்பாயின்ட் வைத்து ‘ரிவர்ஸ்-கன்டினியூ’ கொடுத்தேன். முதல் தடவை அந்தக் கிராஷ் சிக்னலிலேயே மறுபடி நிற்கும். இன்னொரு தடவை கொடுக்க வேண்டும்.

அடுத்து நின்ற இடம் இந்த விவகாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷன். ஏதோ ஒரு ஸ்ட்ரிங்குக்காக நினைவகம் வாங்கி, அதில் எழுத்துகளை நகலெடுத்துக்கொண்டிருந்தது. நம் ஆப்ஜெக்ட் இருந்த வீட்டில் வேறொருவர் குடியேறிவிட்டார் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. முந்தைய குடித்தனக்காரர் எப்போது காலி செய்தார்? மறுபடி ரிவர்ஸ்-கன்டினியூ. இந்த முறை சி லைப்ரரியான ஜிலிப்சியின் ‘ஃப்ரீ’க்குள் நின்றது. விடுவித்த துண்டின் தொடக்கத்திலேயே, தன் காலித் துண்டுகளின் பட்டியலில் அடுத்தது எது என்பதை ஜிலிப்சி எழுதி வைக்கும். வாட்ச்பாயின்ட் பிடித்தது அந்த எழுத்தை.

அங்கே நின்று பேக்ட்ரேஸ் கேட்டதும் முழுக் கதையும் வந்துவிட்டது. கீழே மாடலின் டெஸ்ட்ரக்டர். அதை அழைத்தது க்யூ ஆப்ஜெக்ட்டின் பிள்ளைகளை நீக்கும் ஃபங்ஷன். அதற்கும் மேலே, மூடப்பட்ட திருத்த விண்டோவின் டெஸ்ட்ரக்டர். மாடலை உருவாக்கிய இடத்தில் அதன் பேரன்ட்டாகத் திருத்த விண்டோவைக் கொடுத்திருந்தார்கள். மூடும்போதே தன்னை அழித்துக்கொள்ளும்படி அந்த விண்டோ அமைக்கப்பட்டிருந்தது. க்யூட்டியில் பேரன்ட் போனால் பிள்ளைகளும் போய்விடும். பிரதான விண்டோ மட்டும் பழைய பாயின்ட்டரை வைத்துக்கொண்டு மாடல் இன்னும் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அப்போது என்ன கிடந்தது என்பதைப் பொறுத்துத்தான் தவறு வெளியே தெரிந்தது. சில நேரம் கிராஷ், சில நேரம் ஒன்றுமில்லை என்பதற்குக் காரணம் அதுதான். பேரன்ட்டைப் பிரதான விண்டோவாக மாற்றியதும், வெறும் பாயின்ட்டரின் இடத்தில் க்யூபாயின்ட்டரை வைத்ததும் திருத்தம். கிராஷிலிருந்து காரணத்துக்குப் போக எந்த யூகமும் தேவைப்படவில்லை. ‘இதை யார் மாற்றியது?’ என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவ்வளவுதான்.

இங்கே ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: அட்ரஸ் சானிட்டைஸர் இருக்கும்போது இது எதற்கு? கூகுளில் உருவாகி, 2012இல் க்ளாங்கிலும் அடுத்த ஆண்டு ஜிசிசியிலும் சேர்ந்த அந்தக் கருவி, மேலே சொன்ன பிழையை ஒரே ஓட்டத்தில் காட்டிவிடும். எங்கே வாங்கியது, எங்கே விடுவித்தது, எங்கே தொட்டது என்று மூன்று பேக்ட்ரேஸும் அச்சாகும். ஓட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாகும், அவ்வளவே. நினைவகப் பிழை என்று சந்தேகம் வந்தால் நானும் முதலில் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதற்கு எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கம்பைல் கட்டளையில் மட்டும் சானிட்டைஸர் ஃப்ளாகைக் கொடுத்து லிங்க் கட்டளையில் விட்டுவிட்டால், ‘ஏசான்’ என்று தொடங்கும் பெயர்கள் எங்கே என்று லிங்கர் வரிசையாகப் புலம்பும். தயார் நிலையில் வாங்கிய லைப்ரரிக்குள் அது எட்டிப் பார்ப்பதும் குறைவு. நினைவக அமைப்பே மாறிவிடுவதால், சில பிழைகள் அதன் முன்னால் தலை காட்டுவதில்லை. ஆர்ஆரோ, ஏற்கெனவே பில்டு செய்து வைத்த பைனரியை அப்படியே ஓட்டும்.

சானிட்டைஸரால் தொடவே முடியாத வகை ஒன்று இருக்கிறது. அதே புரோகிராமில், பழைய ஃபைலைத் திறந்து சேமித்தால் ஒரு பொருளின் தள்ளுபடி சில நேரம் பூஜ்யமாகிவிடும். நினைவகத்தில் எந்த அத்துமீறலும் இல்லை. முறையான ஒரு ஃபங்ஷன் முறையாக எழுதிய தவறான எண். பதிவில் சேமிக்கும் இடத்தில் நின்று, அந்த எண்ணின் மேல் வாட்ச்பாயின்ட் வைத்துப் பின்னால் போனால், திரையிலிருந்து மதிப்பைத் திரும்ப வாங்கும் ஒரு ஃபங்ஷனில் நின்றது. தள்ளுபடிப் பெட்டியின் அதிகபட்ச எல்லையை அமைப்பதற்கு முன்பே மதிப்பை இட்டிருந்தார்கள். பெட்டி அதைத் தன் அப்போதைய எல்லைக்குள் வெட்டிவிட்டது. இந்த மாதிரிப் பிழைக்கு முன்னோக்கி ஓடும் டீபக்கரோடு உட்கார்ந்தால், எந்த ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் வைப்பது என்பதே தெரியாது. ஆர்ஆரின் உண்மையான மதிப்பு எனக்குத் தெரிந்தது இங்கேதான்.

டீபக் தகவலோடு பில்டு செய்த பைனரியாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். ஆப்டிமைஸ் செய்த பில்டில் பல மாறிகளுக்கு ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்றே பதில் வரும். அப்போதும் கை விரிக்க வேண்டியதில்லை. அந்த மதிப்பு இன்னும் ரெஜிஸ்டரில் உயிரோடு இருந்த கணத்துக்குச் சில வரிகள் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம்.

குறைகளும் உண்டு, சில பெரியவை. எல்லா த்ரெட்டுகளையும் ஒரே கோரில் மாற்றி மாற்றித்தான் ஆர்ஆர் ஓட்டும். ஒரு த்ரெட்டில் பெரும்பாலான வேலை நடக்கும் டெஸ்க்டாப் புரோகிராமுக்கு இது உறுத்தாது. பட்டன்கள் கொஞ்சம் மந்தமாகப் பதில் சொல்லும், அவ்வளவுதான். எட்டு கோரையும் ஒரே நேரத்தில் கசக்கும் படத் திருத்தி, வீடியோ என்கோடர் போன்றவை நன்றாகவே இழுக்கும். த்ரெட்டுகள் ஒன்றோடொன்று மோதும் பிழைகள் ஒற்றைக் கோரில் ஒளிந்துகொள்ளும் அபாயமும் இருக்கிறது. அதற்காகவே ‘கேயாஸ்’ என்ற முறையைச் சேர்த்திருக்கிறார்கள். எந்த த்ரெட் எப்போது ஓடும் என்பதை வேண்டுமென்றே தாறுமாறாக்கும். பல மோதல்கள் அதில் மாட்டிவிடுகின்றன. இரண்டு கோர்கள் உண்மையிலேயே ஒரே கணத்தில் ஓடினால் மட்டும் வரும் நினைவக வரிசைப் பிழைகள் அதிலும் மாட்டாது.

கிராபிக்ஸ் இன்னொரு சிக்கல். கிராபிக்ஸ் கார்டு நினைவகத்தில் நேரடியாக எழுதுவதை ஆர்ஆரால் பார்க்க முடியாது. க்யூஎம்எல் திரைகள் உள்ள புரோகிராம் என்றால் சாஃப்ட்வேர் ரெண்டரிங்கில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். கார்டின் டிரைவரோடு ஒட்டிய பிழை என்றால் இந்தக் கருவியை நம்பிப் பயனில்லை. பதிவு நீளமாக இருந்தால் பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு தாவலும் காத்திருக்க வைக்கும், அதனால் புரோகிராமைத் திறந்ததும் பிழைக்கு நேராகப் போய்ப் பதிவை முடிப்பதுதான் நல்லது. ரீப்ளேயில் ஒரு மதிப்பை மாற்றிவிட்டு ‘இப்படி இருந்திருந்தால் என்ன ஆகும்’ என்று தொடர்ந்து ஓட்டிப் பார்க்கவும் முடியாது. நடந்தது நடந்ததுதான்.

பயன்படுத்தும் முகம் இன்னும் கமாண்ட் லைன்தான். ஜிடிபி கைப்பழக்கம் உள்ளவர்களுக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை; கட்டளைக்கு முன்னால் ‘ரிவர்ஸ்’ சேர்த்தால் போதும். விஎஸ் கோடில் மிடாஸ் என்ற நீட்சி வழியாக ஓட்டலாம். ஆர்ஆரை உருவாக்கியவர்களில் ராபர்ட் ஓ’கல்லஹானும் கைல் ஹியூயியும் பின்னர் தொடங்கிய பெர்னாஸ்கோ, அதே பதிவை வாங்கிக்கொண்டு, ஒரு மதிப்பை க்ளிக் செய்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் இணையச் சேவை. நிறுவனத்தின் கோடை வெளியே அனுப்பக் கூடாத இடங்களில் கமாண்ட் லைனோ மிடாஸோதான் கதி.

விண்டோஸில் ஆர்ஆர் ஓடாது. அங்கே இதற்கு ஈடு, 2017இல் மைக்ரோசாஃப்ட் வின்டிபிஜியோடு வெளியிட்ட டைம் டிராவல் டீபக்கிங். அது கட்டளைகளையே கவனித்துப் பதிவு செய்வதால், ஓட்டம் பொதுவாக 10 முதல் 20 மடங்கு மெதுவாகும் என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே சொல்கிறது. பதிவு ஃபைலும் வேகமாகப் பெருத்துவிடும். உங்கள் புரோகிராம் க்யூட்டியிலோ ஜிடிகேயிலோ எழுதப்பட்டு, விண்டோஸ் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே போவதாக இருந்தாலும், லினக்ஸிலும் பில்டு ஆகும்படி அதை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் வந்த பிழை லினக்ஸ் பில்டிலும் தலை காட்டினால், ஆர்ஆரில் பதிவு செய்து பின்னோக்கிப் போய்விடலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த இரண்டாவது பில்டைப் பராமரிக்கும் உழைப்பு தகும் என்பேன்.