வீட்டுக் குறிப்பும் வீட்டு நிலையும்: மகளிர் சஞ்சிகைகள் பற்றிய ஓர் ஒப்பீடு

தமிழ்ச் சஞ்சிகைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றில் வெளிவந்த சிறுகதை, நாவல், கவிதை ஆகியவற்றையே கருத்திற் கொண்டுள்ளன. அச்சஞ்சிகைகளின் பின்பக்கங்களில் இடம்பெறும் சமையற் குறிப்பு, கறை நீக்கும் வழி, கைவைத்தியம், தையற் படம் என்பன திறனாய்வுக்குரியனவாகக் கொள்ளப்பட்டமை அரிது. ஆயின், கதையைப் படித்து முடித்த வாசகி கத்தரித்துப் பாதுகாப்பது இப்பக்கங்களையே. அன்றாட வாழ்வுக்கு உதவுவதாகக் கூறும் எழுத்தை, அது உண்மையில் யாருக்கு உதவுகின்றது என்ற வினாவைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடொன்றில் இருந்து நோக்குமிடத்து இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது.

குடாநாட்டு வாசகர் கைக்குக் கிட்டிய வீட்டுச் சஞ்சிகைகளுட் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து வந்தவை. கல்கி நிறுவனத்தின் மங்கையர் மலர், 1998இல் தொடங்கப்பெற்ற அவள் விகடன் ஆகிய இரண்டையும் இவற்றின் மாதிரிகளாகக் கொள்ளலாம். முன்னையது சமையல், விரதம், பண்டிகை, கோலம், கைவேலை என வீட்டின் உள்வட்டத்தையே முதன்மைப்படுத்தியது. பின்னையது அவற்றோடு சுயதொழில், சட்டம், மருத்துவம், வேலைக்குச் செல்லும் பெண்ணின் நேர நெருக்கடி என்பவற்றையும் சேர்த்துக்கொண்டது. இவ்வகையில் அவள் விகடன் ஒரு படி முன்சென்றது எனலாம். எனினும் இரண்டுக்கும் பொதுவான வலிமை ஒன்றுண்டு. அது வாசகியரே எழுதியனுப்பும் சிறு குறிப்புகளாகும். நிபுணரின் கட்டுரையைவிட, தன் அடுக்களையிற் செய்து பார்த்த ஒருத்தி நான்கு வரியில் எழுதுவது பெரும்பாலும் தெளிவாகவும் பயனுடையதாகவும் அமைகின்றது. புதிய பொருளொன்றை வாங்கத் தூண்டும் பக்கங்களோடு ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும்.

ஆனால், இக்குறிப்புகள் மனதிற் கொண்டிருக்கும் வீடு எது? எரிவாயு அடுப்பும் மிக்ஸியும் குக்கரும் உள்ள தமிழக நகர வீடே அது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ முதலாகத் தமிழ்ச் சமையல் எழுத்திற் சைவ உணவு மரபே நெடுங்காலம் முதன்மை பெற்று வந்துள்ளது. மீனும் நண்டும் இறாலும் இட்டு ஒடியல் மாவிற் காய்ச்சும் கூழுக்கு அவ்வெழுத்தில் இயல்பான இடமில்லை. ‘சொதி’ என்ற ஒரு சொல்லே போதிய சான்றாகும். திருநெல்வேலியில் அது காய்கறியும் பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த திருமண வீட்டு உணவு. யாழ்ப்பாணத்தில் இடியப்பத்துக்கு அன்றாடம் வைக்கும் நீர்த்த பாற்கறி. ஒரே மொழியில் அச்சான குறிப்பு இருவேறு அடுக்களைகளில் இருவேறு பொருள் தருகின்றது.

உணவு மரபினும் ஆழமான வேறுபாடு நிலத்தில் உள்ளது. குடாநாடு வற்றாத ஆறுகளற்ற சுண்ணக்கல் நிலம்; அதன் நீர்த்தேவை கிணறுகளையே பெரிதும் நம்பியது. கிணற்று நீர் பல இடங்களில் வன்மையானது. அந்நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை; கேத்திலின் அடியில் வெண்படலம் படியும்; பருப்பு வேக நேரம் கூடும். ‘மூன்று விசில் வந்ததும் இறக்கவும்’ என்ற கட்டளை இங்கே பொய்த்துப் போவதில் வியப்பில்லை. கேத்திலின் படலத்தை நீக்க எலுமிச்சைச் சாறு இடுக என்று குறிப்பொன்று கூறலாம். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும் என்ற காரணத்தையும் அது கூறியிருப்பின், எலுமிச்சை கிட்டாதவள் புளியைப் பயன்படுத்தியிருப்பாள். காரணம் கூறாத குறிப்பு, அது பிறந்த வீட்டைத் தாண்டிப் பயணம் செய்வதில்லை. மேற்கூறிய சஞ்சிகைகளின் சுருக்கத்துக்குள் மறைந்து நிற்கும் பெருங்குறை இதுவே.

உள்ளூரில் இக்குறை ஏன் நிரப்பப்படவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. 1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் இந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1966இல் தோன்றிய மல்லிகை அக்காலத்தில் வலுப்பெற்றது. 1975இல் அலை தோன்றியது. ஈழத்து இலக்கியம் இதனாற் பெரும்பயன் எய்தியது. வீட்டுப் பக்கமோ அவ்விதழ்களின் நோக்கமன்று. பின்னர், கொழும்பில் பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட நிவேதினி, மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வெளியிட்ட பெண் முதலிய இதழ்கள் வீட்டு வேலையின் அரசியலை ஆராய முற்பட்டன. அடுக்களையிற் செலவாகும் உழைப்பு ஏன் கணக்கில் வராத உழைப்பாக உள்ளது என்பதைத் தமிழ் வாசகர் முன் வைத்தமை அவ்வகை எழுத்தின் சாதனையாகும். வணிகச் சஞ்சிகை வேலையைச் செய்யும் முறையைக் கூறியது, செய்பவள் ஏன் பெண்ணாகவே இருக்கவேண்டும் என்று பெரிதும் வினவவில்லை. பெண்ணிய இதழ் அவ்வினாவை எழுப்பியது, ஆயின் செய்முறையைத் தனக்கு உரியதாகக் கொள்ளவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே குடாநாட்டுப் பெண்ணின் அறிவு எழுதப்படாமலே நின்றது.

அவ்வறிவு சிறிதன்று. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் சவர்க்காரமும் மின்கலமும் அரும்பொருள்களாயின. ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டு விளக்கெரித்தமை, பனம்பழக் களியால் ஆடை துவைத்தமை, ஒடியலையும் புழுக்கொடியலையும் மீண்டும் நம்பியமை யாவும் அக்கால வீட்டு நிர்வாகத்தின் பகுதிகள். இவை பின்னர் போர்க்கால நினைவுகளாகவே பெரிதும் எழுதப்பட்டன. எவ்வளவு, எத்தனை நேரம், எவ்வாறு என்ற செய்முறையாக எழுதப்பட்டமை குறைவு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு தட்டுப்பட்டு, மின்சாரம் நாள்தோறும் மணிக்கணக்கில் துண்டிக்கப்பட்டபோது, விறகடுப்பை அறியாது வளர்ந்த இளையோருக்கு வழிகாட்டியோர் வீட்டு முதியோரே. மிக்ஸியையும் எரிவாயுவையும் நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் அந்நாள்களில் வாயடைத்துப் போயின. முதியோர் இல்லாத வீட்டில் யார் கூறியிருப்பர் என்பதே கவலைக்குரிய வினா.

ஆதலால், தமிழகச் சஞ்சிகைகளைக் குறை கூறுவதோடு இவ்வொப்பீடு நின்றுவிடல் தகாது. அவை தம் வாசகியருக்கு எழுதின, அதில் தவறில்லை. அவற்றிடமிருந்து வாசகியரையே எழுத வைக்கும் முறையையும், நிவேதினி போன்றவற்றிடமிருந்து உழைப்பை மதிக்கும் நோக்கையும் பெற்று, குடாநாட்டு வீடுகளின் செய்முறைகளை ஊர், பருவம், அளவு, காரணம் என்பவற்றோடு தொகுத்தல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரால் இயலக்கூடிய பணியாகும். தீவகத்தின் கூழும் வடமராட்சியின் கூழும் எங்கே வேறுபடுகின்றன என்பதை இன்று சொல்லக்கூடிய முதியோர் உள்ளனர். அவர்கள் கூற்று ஏட்டில் ஏறுமுன் அவர்கள் மறைவராயின், பின்வரும் இழப்பை எந்தச் சஞ்சிகையாலும் ஈடுசெய்தல் இயலாது.