பட்டாசலுக்கு எந்தத் திரை?

2025 செப்டம்பர் 22இல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 55, 65 இன்ச் திரைகள் நடுத்தரக் குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் எட்டும் விலைக்கு வந்தன. நெல்லை வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஷோரூமில் நுழைந்தால் ஓஎல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி என்று மூன்று பெயர்கள் காதில் விழும். வரிசையாக ஓடும் திரைகளை ஒப்பிட்டு, கண்ணுக்குப் பளிச்சென்று பட்டதை வாங்கி வருகிறோம். இந்த வழக்கத்தில் நன்மை இருக்கிறது. ஆனால் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, திரையைப் பற்றி மட்டும் கேட்கிறது என்பதே இதன் பெருங்குறை.

நன்மையை முதலில் சொல்லிவிடலாம். நேரில் பார்த்தால்தான் பக்கவாட்டுக் காட்சி தெரியும். நெல்லை வீட்டுப் பட்டாசலில், அதாவது கூடத்தில், எல்லோரும் டிவிக்கு நேரே உட்காருவதில்லை. சோபாவில் இருவர், பாயில் நால்வர், நிலைப்படியில் ஒருவர். எல்சிடியில் விஏ வகைத் திரை நேராகப் பார்த்தால் நல்ல கறுப்பு தரும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் வகையில் பக்கவாட்டில் நிறம் நிற்கும், கறுப்பு சாம்பலாகும். ஓஎல்இடி எந்தப் பக்கத்திலிருந்தும் பெரிதாக மாறாது. கடையில் நாலடி தள்ளி நின்றால் இது புரிந்துவிடும். எந்த விளம்பரத் தாளும் இதைச் சொல்லாது.

குறை கடை வெளிச்சத்தில் தொடங்குகிறது. அங்கே எல்லா விளக்கும் எரியும், டிவி ‘விவிட்’ நிலையில் இருக்கும், ஓடுவது அதற்கென்றே எடுத்த 4கே படம். பளிச்சிடுவது ஜெயிக்கும். இருட்டறையில் மிக அழகாகத் தெரிந்த பிளாஸ்மா டிவி எல்சிடியிடம் தோற்றதற்கு விலையும் எடையும் மட்டுமல்ல, இந்தக் கடை வெளிச்சமும் ஒரு காரணம்.

மூன்று பெயர்களின் உள்விவரம் இதுதான். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். அணைந்தால் முழுக் கறுப்பு. க்யூஎல்இடி என்பது குவாண்டம் புள்ளிகள் சேர்த்த எல்சிடி. நிறம் செழிக்கும், கறுப்பு மேம்படாது. மினி எல்இடியும் எல்சிடிதான். ஆனால் பின்விளக்குகள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம், பகுதி பகுதியாக மங்கும். இரவு வானத்தில் நிலாவைக் காட்டினால் சுற்றிலும் லேசாக ஒளி கசியும். ஆனாலும் கதவும் சன்னலும் திறந்து கிடக்கும் சித்திரை மாதப் பகலிலும் படம் தெளிவாகத் தெரியும்.

அடுத்த கேள்வி, என்ன பார்க்கிறோம்? கேபிள் வழியே வரும் சாதாரண எஸ்டி படத்தில் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக இருபது மடங்கு. ஒரு புள்ளியை இருபதாக இழுத்துக் காட்டச் சொன்னால் எந்தத் திரையும் திணறத்தான் செய்யும். லட்ச ரூபாய் திரையில் முகம் மசமசவென்று தெரிந்தால் குற்றம் திரையில் இல்லை. முதலில் மாற்ற வேண்டியது செட்டாப் பாக்ஸும் சந்தாவும்தான்.

காலையில் செய்தி, மாலை தொடங்கி இரவு பத்தரை வரை ஒரே சேனலில் சீரியல் என்பது பல வீடுகளின் வழக்கம். மூலையில் சேனல் முத்திரை, அடியில் செய்திப் பட்டை. இரண்டும் மணிக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். ஓஎல்இடிக்கு இது ஆகாது. கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் 2018இல் தொடங்கிய நெடுநாள் சோதனையில், ஒரே செய்திச் சேனல் ஓடிய ஓஎல்இடி திரைகளில் அழியாத தடம் விழுந்தது. இப்போதைய திரைகளில் தடுப்பு ஏற்பாடுகள் கூடியிருக்கின்றன. ஆபத்து குறைந்திருக்கிறது, நீங்கிவிடவில்லை.

மின்சாரமும் கணக்கில் வர வேண்டும். திரை 100 வாட் கூடுதலாக இழுத்தால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 30 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் போன்ற சிறு ஊர்களில் இருப்பவர்கள் பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வருவார், பேனலுக்கு வாரண்டி எத்தனை ஆண்டு என்பதையும் பில் போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, பகலெல்லாம் டிவி ஓடும், வெளிச்சமுள்ள, பலர் கூடும் பட்டாசலுக்கு மினி எல்இடியே பொருத்தம். பக்கவாட்டில் நிறம் நிற்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். விளக்கணைத்து இரவில் சினிமா பார்ப்பவர், சேனல் மாற்றி மாற்றிப் பார்ப்பவர் ஓஎல்இடிக்குத் தயங்காமல் செலவழிக்கலாம். கையில் இருப்பது குறைவென்றால் நல்ல சாதாரண எல்சிடியே போதும். கடைக்குப் போகும்போது நமக்குத் தெரிந்த படம் ஒன்றை பென்டிரைவில் எடுத்துப் போவோம். ‘விவிட்’டை மாற்றி ‘சினிமா’ நிலையில் ஓட்டச் சொல்வோம், கேபிள் படத்தையும் காட்டச் சொல்வோம். பல ஆண்டுகள் வீட்டில் இருக்கப்போகிற பொருளுக்கு இந்த அரைமணி நேரத்தைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை.