வாத்தியாருக்கு டியூஷன்

ஜி.ஆர்.ஈ. என்றால் நம்ம ஊரில் விளக்கவே வேண்டாம். தலையணை சைஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் நடந்தபடியே இங்கிலீஷ் வார்த்தைகளை உருப்போட்ட பிள்ளை தெருவுக்கு ஒன்று இருந்தது. ஸ்கோர் வந்த அன்று அப்பா ஸ்வீட் பாக்ஸோடு அக்கம்பக்கம் போனதும் ஞாபகமிருக்கும்.

அந்த ஸ்கோர் அமெரிக்காவுக்குப் போய் என்ன ஆகிறது? ஜூலி போசெல்ட் எழுதிய 'இன்சைட் கிராஜுவேட் அட்மிஷன்ஸ்' (ஹார்வர்ட் யுனிவர்சிட்டி பிரஸ், 2016) அந்தக் கதையைத்தான் சொல்கிறது. மூன்று பெரிய பல்கலைக்கழகங்களில் பத்து துறைகள், பிஎச்.டி.க்கு எப்படி ஆள் எடுக்கின்றன என்று இந்த அம்மா ஆராய்ந்தார். சில கமிட்டிக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பும் எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற பேச்சு அது. எப்படித்தான் உள்ளே விட்டார்களோ!

வில்லனைத் தேடினால் கிடைக்க மாட்டார். பேராசிரியர்கள் எல்லோரும் நல்லவர்கள். எல்லா சமூகத்துப் பிள்ளைகளும் வரணும் என்று மனதார நினைப்பவர்கள். ஆனால் மேஜை மேல் குவியல் குவியலாக விண்ணப்பம், நேரமோ கிடையாது. ஸ்கோர் என்ன, எந்தக் காலேஜ் என்று பார்த்து முதல் கழிவை முடித்துவிடுகிறார்கள். கறுப்பின மாணவர், லத்தீனோ மாணவர், ஏழை வீட்டுப் பிள்ளை என்ற யோசனை பெரும்பாலும் கடைசிச் சுற்றில்தான் வருகிறது. அதற்குள் அவர்களில் பலர் முதல் சுற்றிலேயே போயாச்சு. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வாசலில் நின்று 'வாங்க, வாங்க' என்கிற கதை.

இத்தனைக்கும் ஜி.ஆர்.ஈ.யை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே, ஸ்கோரை மட்டும் வைத்து கட்-ஆஃப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது. மருந்து பாட்டிலில் ஒட்டியிருப்பதை யார் படிக்கிறார்கள்?

இன்னொரு கூத்தும் உண்டு. சீனாவிலிருந்து வந்த மாணவர் அள்ளிக்கொண்டு வந்த ஸ்கோர் என்றால், அவர்கள் எல்லோருமே அப்படித்தான் வாங்குவார்கள் என்ற தோரணையில் தள்ளுபடி! உள்ளூர்ப் பிள்ளைக்குக் குறைந்தால் தகுதியில்லை. வெளியூர்ப் பிள்ளைக்கு ஏறினால் மதிப்பில்லை. நம்ம மொட்டை மாடிப் பிள்ளையின் ஸ்கோரை எந்தக் கணக்கில் சேர்த்தார்களோ?

போசெல்ட் எழுதியதோடு நிற்கவில்லை. சக ஆய்வாளர்களோடு சேர்ந்து பேராசிரியர்களுக்கே வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். கோச்சிங் என்றால் நம் அகராதியில் பிள்ளைகள் போவது. இங்கே வாத்தியார் போகிறார். விண்ணப்பத்தைப் பிரிப்பதற்கு முன்பே எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு பண்ணி எழுதி வை. எல்லோருக்கும் அதே தாளில் மார்க் போடு. ஒரு துறை எங்கே சறுக்கியது என்பதை இன்னொரு துறையிடம் மனம்விட்டுச் சொல். இதெல்லாம் பாடம்.

நல்ல பாடம்தான். எனக்கு இடிப்பது வேறு. காமர்ஸ் வகுப்பில், கல்லாவில் உட்காருகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று சொல்லித் தந்தார்கள். இங்கே கமிட்டியே ஆள் எடுக்கிறது, கமிட்டியே தாளை நிரப்புகிறது, நாங்கள் திருந்திவிட்டோம் என்று கமிட்டியே சொல்லிக்கொள்ளலாம். வருஷா வருஷம் யார் வந்தார்கள், அதில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போனார்கள் என்று ஊரறியப் போட்டால்தானே தெரியும்? இந்தப் புத்தகம் வாசலோடு நின்றுவிடுகிறது. துறைகளின் உள்ளே என்ன மாறணும் என்று 2020-ல் 'ஈக்விட்டி இன் சயின்ஸ்' என்று தனியாக எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாசலுக்கு அப்பாலும் கூடவே போனவர்கள் நாஷ்வில்லில் இருந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1866-ல் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகமும், வசதியான வாண்டர்பில்ட்டும் அதே ஊரில்தான் இருக்கின்றன. வானியலாளர் கீவன் ஸ்டாசுன், ஃபிஸ்க்கின் ஆர்னால்ட் பர்கர் போன்றவர்கள் 2004-ல் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டார்கள். மாணவர் முதலில் ஃபிஸ்க்கில் எம்.ஏ. படிப்பார், ஆராய்ச்சி அனுபவத்துக்கு வாண்டர்பில்ட் லேபுக்கும் போவார், பிறகு பிஎச்.டி. தேர்வில் ஸ்கோருக்கு முக்கியத்துவம் இல்லை, நேரில் உட்கார வைத்துப் பேசினார்கள். அதைவிடப் பெரிது சேர்ந்த பிறகு நடந்தது. ஒரு மாணவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகாட்டிகள். தடுமாறினால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் உடனே கவனிக்க ஆள். தோள்கொடுக்க சீனியர்கள். சில வருஷங்களில் இயற்பியல், வானியலில் கறுப்பின பிஎச்.டி.க்களை உருவாக்குவதில் வாண்டர்பில்ட் முன்வரிசைக்கு வந்தது. ஸ்டாசுனுக்கு 2024-ல் மெக்ஆர்தர் பரிசும் கிடைத்தது.

இதற்குப் பேராசிரியரின் சொந்த நேரம் போகும். அந்த நேரத்தில் நாலு கட்டுரை எழுதினால் பதவி உயர்வுக்கு ஆகும். இரண்டு நாள் பயிற்சி வகுப்பை ஏற்பாடு செய்யும் நிர்வாகம், இந்த நேரத்துக்கு என்ன விலை தரும்? போசெல்ட் இதை இன்னும் உரக்கக் கேட்டிருக்கலாம்.

இப்போது காற்றும் எதிராக அடிக்கிறது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025-ல் ட்ரம்ப் அரசு, சமத்துவம் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி நிதிகளைக் கொத்துக் கொத்தாக வெட்டியது. ஆனால் எல்லோருக்கும் ஒரே தாளில் மார்க் போடுவதற்கோ, திணறுகிற பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதற்கோ எந்தக் கோர்ட்டும் தடை போடவில்லை.

ஜி.ஆர்.ஈ. கேட்பதையே பல துறைகள் நிறுத்திவிட்டன. அமெரிக்கா கிளம்பும் பிள்ளை வீட்டில் இருந்தால், தலையணைப் புத்தகத்துக்கு வைத்திருந்த காசில் இதை வாங்கிக் கொடுங்கள். ஆங்காங்கே ஆராய்ச்சி நெடி அடிக்கும். கமிட்டி ரூமுக்குள் போசெல்ட் நுழைந்துவிட்டால் தெரியாது.