இளைய நிலாவும் 3.8 மில்லிமீட்டரும்

கிடார் கற்றுக்கொள்ளக் கிளம்பும் தமிழர்களுக்கு எழுதப்படாத பாடத்திட்டம் ஒன்று உண்டு. அதில் கடைசிப் பாடமாக இருக்க வேண்டியது "இளைய நிலா". ஆனால் ஆசை என்னவோ முதல் நாளே அதை வாசித்துவிட வேண்டும் என்றுதான். நானும் அப்படித்தான் கிடார் வாங்கினேன்.

1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு. இளையராஜா இசை, எஸ்.பி.பி. குரல், கிடார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அடுத்த வருஷமே மெட்டு இந்திக்குப் போய் 'கலாகார்' படத்தில் கிஷோர் குமார் பாடினார். நாற்பது வருஷம் தாண்டியும் கிடார் என்றதும் நம் ஆட்கள் வாயில் முதலில் வரும் பாட்டு இதுதான்.

இந்தப் பாட்டை எல்லாரும் புகழ்கிறோம். அதில் கிடார் என்ன வேலை செய்கிறது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. குரல் வருவதற்கு முன்னால் கிடார்தான் பாட்டைத் திறந்து வைக்கிறது. கார்டை மொத்தமாகத் தட்டாமல், உடைத்து, கம்பி கம்பியாக மீட்டுகிற ஆர்பெஜியோ முறை. குரல் வந்த பிறகும் அது நிற்காது. அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்ட்ரம்மிங்கில் ஆறு கம்பியில் ஒன்று சரியாக அழுந்தாவிட்டாலும் மற்ற ஐந்தும் சேர்ந்து அதை மறைத்துவிடும். ஆர்பெஜியோவில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு கம்பியும் தனியாக வந்து நின்று பதில் சொல்லணும். அதனால் 'இளைய நிலா' வாசிப்பவரை மட்டும் சோதிப்பதில்லை, கிடாரையும் சோதிக்கிறது. இந்த இரண்டாவது சோதனையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

கல்லூரி முடித்த புதிதில் வாங்கிய கிடார் அது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது, ஸ்டீல் கம்பி போட்டது. மூன்று மாதம் வகுப்புக்குப் போனேன். விரல் நுனி கன்றிப் போனது. எஃப் கார்டு கடைசி வரை வரவே இல்லை. "விரல் காய்ச்சுப் போனா சரியாயிடும்" என்றார் வாத்தியார். விரல் காய்த்தது, கார்டு வரல. டியூனரில் எல்லாக் கம்பியும் சரியாகக் காட்டும். கார்டு பிடித்தால் மட்டும் அபசுரமாகக் கேட்கும். நமக்குச் சுருதி ஞானம் கிடையாது போல என்று முடிவு கட்டி, பரணில் ஏற்றிவிட்டேன்.

இருபது வருஷம் கழித்து, சென்ற மழைக்காலத்துக்கு முன் வீடு ஒழிக்கும்போது கிடார் கீழே வந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பியை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல கை வலிக்கலைன்னாதான் ஆச்சரியம்" என்றார். வீட்டுக்குப் போய் ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் எடுத்து வந்தார்.

12-வது ஃப்ரெட்டின் மேல் விளிம்புக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே 3.8 மி.மீ. இதைத்தான் கிடார்காரர்கள் 'ஆக்‌ஷன்' என்கிறார்கள். ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிடாருக்கு இது சுமார் 2 முதல் 2.8 வரை இருந்தால் வசதி. அதைவிட மோசம், கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டில் காடிகள் ஆழமாக வெட்டப்படவே இல்லை. ("நட்டுன்னா திருகறது இல்லையா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் அளந்தார்.) முதல் ஃப்ரெட்டிலேயே கம்பி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எழும்பி நின்றது. எஃப் கார்டு பிடிப்பது சரியாக அங்கேதான்.

அபசுரத்துக்கும் காரணம் இதுதான். நடுத்தரமான ஒரு செட் ஸ்டீல் கம்பிகளில் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ. கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஃப்ரெட்டைத் தொட அவ்வளவு கூடுதலாக இழுபடும். இழுவிசை ஏறினால் சுருதியும் ஏறும். அழுத்தாத கம்பி சரியாக இருக்கும், அழுத்தியது ஏறிப் பேசும். என் காது இத்தனை காலமும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

என் விமர்சனம் 'விரல் காய்க்கும்' என்ற அந்த அறிவுரை மேல்தான். அது பொய் இல்லை. விரல் காய்க்கத்தான் வேண்டும். ஆனால் கருவியின் குறையையும் கற்பவன் தலையில் கட்டிவிடுகிறது. நம் மரபு இப்படிப்பட்டதே அல்ல. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. சுருதி விலகினால் ஆளை வைத்துத் திரும்ப மேளம் கட்டுவார்கள். மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுவார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை எடுத்துவிட்டு ஒற்றையாக்கி, ஐந்தாவது கம்பி சேர்த்த மின் மாண்டலினில்தான் கர்நாடக இசையைக் கொண்டுவந்தார். கருவியை இசைக்கு ஏற்றபடி திருத்துவது நமக்குப் பழக்கமான விஷயம். கிடாரை மட்டும் பெட்டியில் வந்தபடியே ஏற்றுக்கொள்கிறோம்.

பெரியவரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். முதலில் கழுத்து வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்தோம்; பரவாயில்லை. 12-வது ஃப்ரெட்டில் 1.2 மி.மீ. இறங்கணும் என்றால் கம்பியின் மறுமுனையைத் தாங்கும் சாடிலில் அதன் இரு மடங்கு, 2.4 மி.மீ. குறைக்கணும். 12-வது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால் வரும் கணக்கு இது. பிளாஸ்டிக் சாடிலின் அடிப்பக்கத்தை, சமதளத்தில் எமரி ஷீட் விரித்துத் தேய்த்தார். ஒரு இழுப்பு, ஒரு அளவு. நட் காடிகளை ஊசி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். செலவு, புதுக் கம்பி செட்டும் எமரி ஷீட்டும்தான்.

புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிராண்டு பார்ப்பதற்கு முன் ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துப் போங்கள். 12-வது ஃப்ரெட்டில் அளங்கள். எஃப் கார்டு தெரிந்த ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, கம்பி கம்பியாக மீட்டிக் கேளுங்கள். பட்ஜெட்டில் ஒரு சிறு பகுதியை செட்டப் வேலைக்கு ஒதுக்குங்கள். நைலான் கம்பி கிளாசிக்கல் கிடாரில் 3 முதல் 4 மி.மீ. வரை இருப்பது சகஜம். அதன் இழுவிசை சுமார் 40 கிலோதான் என்பதால் விரலுக்கு வலி குறைவு. இரண்டு வகைக்கும் ஒரே அளவுகோல் வைக்காதீர்கள்.

பல வருஷம் வாசித்தவர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஆக்‌ஷனை ரொம்ப இறக்கினால், ஓங்கித் தட்டும்போது கம்பி ஃப்ரெட்டில் மோதி இரையும். மென்மையாக மீட்டுபவருக்கும் மேடையில் ஸ்ட்ரம் செய்பவருக்கும் ஒரே உயரம் சரிவராது. சுகுமார் பிரசாத், பிரசன்னா போல கிடாரில் கர்நாடக இசை வாசிப்பவர்களின் வழியில் போனால் கமகத்துக்குக் கம்பியை வளைக்கணும், சறுக்கணும். அதற்குத் தடித்த கம்பி ஒத்துழைக்காது. எந்தப் பாட்டு என்பது முதலில், எந்தக் கிடார் என்பது அப்புறம்.

நம்ம ஊருக்கென்று இன்னொன்று. பழவேற்காடு ஏரிப் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். மரம் ஈரம் குடித்தால் மேல்பலகை உப்பும், கம்பி மறுபடி உயரும். ஐப்பசி, கார்த்திகையில் திரும்ப அளந்து பாருங்கள்.

'இளைய நிலா' எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. பாதி வேகத்தில், தொடக்கம் மட்டும் வருகிறது. எஃப் கார்டில் ஆறு கம்பியும் பேசுகின்றன. இப்போது வருகிற தப்பெல்லாம் என் தப்புதான். அதைப் பயிற்சி செய்து திருத்த முடியும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கிடார் கிடந்தால், இறக்கி ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள்.