இருபத்தொரு பேய்களும் ஒற்றை வீரனும்

பாரிசு நகரத்துப் பெருவீதியொன்றில் ஒரு மாளிகை. ஒடுக்குமுறையை எதிர்த்துப் போராடியவர்களுக்கு உதவும் பன்னாட்டுக் கழகம் என்று வெளியே பெயர். உள்ளே? உலகின் கொடியவர் 21 பேர் கூடியமர்ந்து, அணுகுண்டு இரண்டைத் திருடி, அரசுகளை அச்சுறுத்திப் பத்துக் கோடிப் பவுன் பறிக்கத் திட்டம் தீட்டுகின்றனர். வெளியே அறம், உள்ளே அழிவு! வெளியே தொண்டு, உள்ளே சூது! இயன் பிளெமிங் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1961-இல் வெளியிட்ட 'தண்டர்பால்' நாவலில் வருகிறது இக்காட்சி. கூட்டத்தின் பெயர் 'ஸ்பெக்டர்'. எதிர் உளவு, பயங்கரம், பழிவாங்கல், பணம் பறித்தல் ஆகியவற்றுக்கான தனிக்குழு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் கிடைக்கும் சொல் அது. அச்சொல்லுக்கு அந்த மொழியில் முன்பே ஒரு பொருள் உண்டு. பேய்!

அந்தப் பேய்களை ஓட்ட வருபவன் ஜேம்ஸ் பாண்ட். எண் 007. கொல்வதற்கு அரசு உரிமம் பெற்றவன். 1953-இல் 'கசினோ ராயல்' நாவலில் பிறந்தான். 1962-இல் 'டாக்டர் நோ' படத்தில் ஷான் கானரியின் உருவில் திரையேறினான். இன்றளவும் ஓய்வு பெறவில்லை. கடவுள் இல்லை, பேய் இல்லை, மந்திரம் இல்லை என்று மேடையில் முழங்கும் நம் இளைஞர்கள்கூட இவனைக் கண்டதும் கைதட்டுகின்றனர். தட்டட்டும். வேகமும் விறுவிறுப்பும் நிறைந்த கதைகளை வேப்பங்காயென ஒதுக்கும் துறவிகள் அல்லர் நாம். ஆனால் எதற்குக் கைதட்டினோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டாமா? புராணத்தை அப்படித்தானே அலசினோம்? இறக்குமதியான புராணத்துக்கு மட்டும் ஏன் சுங்கவிலக்கு?

முதலில் பேய்களின் கணக்கைப் பார்ப்போம். அந்த 21 பேரில் 18 பேர், ஆறு கொடுங்கூட்டங்களிலிருந்து மும்மூவராக வந்தவர்கள். இட்லரின் கெசுடாப்போவில் இருந்தவர்கள், சிசிலியின் மாஃபியாக்கள், கார்சிகத்துக் குண்டர்கள், துருக்கியின் அபினிக் கடத்தல்காரர்கள் என்று நீள்கிறது வரிசை. எஞ்சியோரில் இருவர் அறிவியலார். ஒருவர் தலைவர் புளோஃபெல்ட். கொள்ளையில் பத்து விழுக்காடு நிருவாகச் செலவுக்கு; பத்து விழுக்காடு தலைவருக்கு; மற்ற இருபதின்மருக்கும் ஆளுக்கு நான்கு விழுக்காடு. வகுப்பில் விழுக்காட்டுக் கணக்குச் சொல்லித்தர இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது! இது என்ன பேய்க் கூட்டமா, பங்குதாரர் கூட்டமா? முதல் போடுகிறார்கள், இலாபம் பிரிக்கிறார்கள், ஒழுங்கு தவறியவனை விலக்குகிறார்கள். இருந்த நாற்காலியிலேயே மின்சாரம் பாய்ச்சி விலக்குகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. இவ்வளவு தெளிவாக ஒரு கம்பெனியின் உருவத்தை வரைந்துவிட்டு, அதற்குப் பேய் என்று பெயர் சூட்டுகிறார் பிளெமிங். பெயர் சூட்டியதும் வாசகன் நடுங்குகிறான்; நடுங்குபவன் கணக்குப் புத்தகத்தைக் கேட்பதில்லை.

முந்திய நாவல்களில் பாண்டின் பகைவன் பெரும்பாலும் சோவியத்து உளவுத்துறை. பிறகு நாடற்ற, கொள்கையற்ற, கொடியற்ற இந்தக் கூட்டம் அவ்விடத்துக்கு வந்தது. 1958-இல் வெளியான 'டாக்டர் நோ' நாவலில் உருசியருக்காக உழைத்த வில்லன், படத்தில் ஸ்பெக்டரின் ஊழியன் ஆகிவிட்டான். நாடில்லாத பகைவனை எந்த நாட்டிலும் காட்டலாம். எந்த நாட்டானும் சினங்கொள்ளமாட்டான். அரக்கனுக்கு ஊர் பேர் இருந்தால், அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்க ஒருவன் எழுவான். நம் நாட்டில் எழுந்தார்களே! 1934-இல் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்தில் பாவேந்தர் எழுப்பிய கேள்வி அதுதானே? அண்ணாவின் 'நீதிதேவன் மயக்க'த்தில் இராவணன் வழக்காடியது அதற்காகத்தானே? ஊரற்ற அரக்கனுக்கு வழக்கு இல்லை, வழக்கறிஞர் இல்லை, வதம் மட்டுமே உண்டு.

இனி 'டாக்டர் நோ' படத்துக்கு வருகிறேன். நம்மவர் ஒவ்வொருவரும் கண்ணை விழித்துக்கொண்டு பார்க்க வேண்டிய படம் இது.

சமைக்காத் தீவை அடுத்து 'நண்டுத் தீவு' என்றொரு கற்பனைத் தீவு. அதன் உடைமையாளன் டாக்டர் நோ. அங்கே நெருப்பைக் கக்கும் பறவைநாகம் ஒன்று திரிவதாகச் சுற்றுவட்டாரத்து மீனவரிடையே அச்சம். அத்தீவுக்குப் படகு விட எவனும் துணியான். துணிந்து செல்கிறான் பாண்ட். படகோட்டி வருபவன் குவாரல் என்னும் கறுப்பு மனிதன். தீவில் சிப்பி பொறுக்க வந்த வெள்ளைப் பெண்ணொருத்தியும் உடன் சேர்கிறாள். இரவில் வருகிறது பறவைநாகம்! அருகில் வந்த பிறகுதான் தெரிகிறது, அஃது எண்ணெயில் ஓடும் பொறிவண்டி. முகப்பில் பல்லும் கண்ணும் தீட்டியிருக்கிறார்கள். வாயில் தீயெறி கருவி.

எத்துணை அருமையான பாடம், தோழர்களே! பூதம் காக்கிறது என்று ஊரை நம்பவைத்தவன் யார்? நிலத்தின் உடைமையாளன். ஏன் நம்பவைத்தான்? உள்ளே என்ன நடக்கிறதென்று எவரும் வந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. பூதத்துக்கு எண்ணெய் ஊற்றியது யார்? அவனே. மூடநம்பிக்கை, சொத்துக்குக் காவல் நிற்கும் நாய் என்று நாம் நூறு கூட்டங்களில் விளக்கியதை ஒரு பொம்மை வண்டியைக் கொண்டு அரை நாழிகையில் விளக்கிவிடுகிறது இப்படம். இந்த இடத்தில் பிளெமிங்கின் கற்பனைக்கு நான் தலைவணங்குவேன்.

ஆனால் அடுத்த காட்சி? பறவைநாகத்தைக் குவாரலும் நம்பினான். அந்த வெள்ளைப் பெண்ணும் தன் கண்ணால் கண்டதாகவே சொன்னாள். நம்பிக்கை இருவருக்கும் பொது. வண்டிச் சுவடு கண்டு, பயத்தை விடு, இது எண்ணெய் குடிக்கும் நாகம் என்று குவாரலுக்குத் தெளிவிக்கிறான் பாண்ட். தெளிந்த சிறிது நேரத்தில் அவனைத் தீ தின்றுவிடுகிறது. அவள் பிழைக்கிறாள், படம் முடிகையில் நாயகனோடு படகில் கொஞ்சுகிறாள். அவனுக்கு அறிவு வந்தது, ஆயுள் போயிற்று! உயிரோடு இருந்தபோதும் அவனுக்குக் கிடைத்த மதிப்பு என்ன? என் காலணியை எடுத்து வா என்று அவனை ஏவுகிறான் நம் வீரன். அந்தச் சொல்லை இங்கிலாந்து இரசிகன் காதில் வாங்காமல் போகலாம். செருப்பைக் கையில் ஏந்தித் தெருவைக் கடக்க வைக்கப்பட்டவர்களின் வரலாறு அறிந்த நம் காதில் அது விழாமல் போகலாமா?

இக்கதை பிறந்த மண்ணையும் பார்க்க வேண்டும். சமைக்காவின் கடற்கரையில் 'கோல்டன் ஐ' என்ற தம் இல்லத்தில் அமர்ந்துதான் பிளெமிங் பாண்ட் கதைகளை எழுதினார். 1956-இல் நாசர் சூயசுக் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். படையெடுத்த பிரிட்டன் தலைகுனிந்து திரும்பிற்று. உடல்நலம் குன்றிய பிரதமர் ஈடன் ஓய்வெடுக்கச் சென்ற இடம் எது தெரியுமா? இதே கோல்டன் ஐ! திரும்பி வந்து 1957 சனவரியில் பதவி விலகினார். மெய்யுலகில் பேரரசு படுத்த கட்டிலுக்குப் பக்கத்து மேசையிலேதான், பொய்யுலகில் பேரரசு எழுந்து நின்றது. படை போய்த் தோற்ற இடத்தில் ஒருவன் போய் வெல்கிறான். கப்பல்கள் மீட்காத மானத்தை அவன் கைத்துப்பாக்கி மீட்கிறது.

1962 ஆகத்து 6-ஆம் நாள் சமைக்கா விடுதலை பெற்றது. அக்தோபர் 5-ஆம் நாள் இலண்டனில் 'டாக்டர் நோ' வெளியாயிற்று. இடையில் இரண்டே திங்கள்! விடுதலை பெற்ற தீவைக் காக்கவும் இலண்டனிலிருந்து ஒருவன்தான் வர வேண்டும் என்று சொல்லும் படம் அது.

டாக்டர் நோவின் தீவில் படத்தில் காட்டப்படுவது பாக்சைட்டுச் சுரங்கம். அலுமினியத்துக்கு மூலமான மண். அது கற்பனை அன்று. 1950-களின் இறுதியில் உலகிலேயே மிகுதியாகப் பாக்சைட்டுத் தோண்டிய நாடு சமைக்கா. தோண்டியவை அமெரிக்க, கனடியக் கம்பெனிகள். மண் சமைக்காவினது, வியர்வை சமைக்காவினது, விலையை முடிவு செய்தது மட்டும் கடலுக்கு அப்பால். 1974-இல் பிரதமர் மைக்கேல் மான்லி பாக்சைட்டின் மீது புதிய தீர்வை விதித்தபோது, அந்நிறுவனங்கள் பன்னாட்டு நடுவர் மன்றத்தை நாடின. வேறு நாடுகளின் சுரங்கங்கள் பக்கம் திரும்பின. இந்தப் பிணக்கைத் தீர்க்க எந்த 007-உம் வரவில்லை. வரவும் முடியாது. இங்கே பூனையைத் தடவிக்கொண்டிருக்கும் மொட்டைத் தலையன் ஒருவனும் இல்லை. சுட்டு வீழ்த்த ஒரு நெஞ்சு இல்லை. ஒப்பந்தம் இருந்தது, ஒப்பந்தத்தில் விலை இருந்தது. படத்தின் முடிவில் தீவு வெடிக்கிறது. தொழிலாளர் அலறிக்கொண்டு படகுகளை நோக்கி ஓடுகின்றனர். அவர்கள் யார்? எங்கிருந்து வந்தனர்? மறுநாள் அவர்கள் அடுப்பு எரிந்ததா? ஒளிப்படக் கருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'ஒற்றை வீரன்' என்பதாவது உண்மையா என்றால், அதுவும் இல்லை. 'தண்டர்பால்' நாவலில் திருடிய குண்டுகளைத் தேடி வருவது அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல். கடலடியில் போரிடுவது அதன் வீரர் கூட்டம். கொடியவன் லார்கோவை ஈட்டியெறிந்து கொல்வது பாண்ட் அல்லன். அக்கொடியவனால் உடன்பிறந்தானை இழந்த டோமினோ என்னும் பெண்! அவன் சாகும் நிலையில் கிடக்கிறான். அவள் வந்து காப்பாற்றுகிறாள். ஆயினும் சுவரொட்டியில் துப்பாக்கியோடு நிற்பவன் யார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

கதைதானே, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்பர் சிலர். இரண்யன் கதையும் கதைதான் என்றோமே, விட்டுவிட்டோமா? மெய்யான கொடுங்கூட்டத்தோடு மெய்யான மனிதர் மோதிய இடத்தைக் காட்டுகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரம். மாஃபியாவை விசாரித்த நீதித்துறை அதிகாரி ரோக்கோ கின்னீசி 1983 சூலையில் கார்க்குண்டுக்குப் பலியானார். அவர் இடத்துக்கு வந்த அன்டோனினோ கப்போனெட்டோ என்ன செய்தார்? பெரிய துப்பாக்கி வாங்கவில்லை. பால்கோனே, பொர்செல்லீனோ உள்ளிட்ட சிலரை ஒரு குழுவாக்கினார். ஒருவருக்குத் தெரிந்தது அனைவருக்கும் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஏன்? உண்மை ஒரே தலைக்குள் இருந்தால், அந்தத் தலையை வீழ்த்தியதும் வழக்கு முடிந்துவிடும்! ஒற்றை வீரனைத்தான் மாஃபியா விரும்பும்; ஒரு குண்டு போதுமல்லவா? பால்கோனே வங்கிக் காசோலைகளைப் பின்தொடர்ந்தார். 1986-இல் தொடங்கிய பெருவழக்கில், 1987 திசம்பரில் 300-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். 1992 சனவரியில் உயர்நீதிமன்றத்துக்கும் மேலான மன்றம் அதை உறுதி செய்தது. அவ்வாண்டு மே திங்களில் பால்கோனேயையும், சூலையில் பொர்செல்லீனோவையும் வெடிவைத்துக் கொன்றனர். தீர்ப்பைக் கொல்ல முடியவில்லை. கோப்பும் காசோலையும் காட்சிக்கு அழகாக இருப்பதில்லை. பேய்க்கு அவற்றைக் கண்டால்தான் அச்சம்.

நம் திரைக்கும் இவன் வந்து சேர்ந்தான். 1966-இல் 'வல்லவன் ஒருவ'னாக செய்சங்கர் வந்தார்; 1968-இல் 'இரகசிய போலீஸ் 115' ஆக எம்.சி.ஆர். வந்தார். நம் இயக்கத்து மேடைகளில் நின்றவர் என்பதற்காக அவருடைய படத்தை மட்டும் விட்டுவிடுதல் நேர்மையாகாது. ஆயிரம் பேர் கூடிச் சிறை சென்று வென்றவற்றை எல்லாம் ஒருவர் வந்து தந்ததாக எண்ணும் பழக்கம் கொட்டகையில் மட்டுமே வளர்ந்ததா, கொட்டகைக்கு வெளியிலும் வளர்ந்ததா என்பதை இளைஞர்கள் தத்தம் ஊர்ச் சுவர்களைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்தப் பேய் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கு நடந்ததே, அதை அறிவீர்களா? ஸ்பெக்டர் வரும் கதையைத் திரைக்காகப் பிளெமிங்கோடு சேர்ந்து உருவாக்கியவர்களுள் ஒருவரான கெவின் மெக்ளோரி, 1963-இல் இலண்டன் நீதிமன்றத்தில் உரிமை கேட்டு நின்றார். உடன்பாட்டில் முடிந்தது, திரை உரிமை அவருக்குச் சென்றது. பிணக்கு அதன் பின்னும் ஓயவில்லை. 2013-இல் அவர் குடும்பத்தாரோடு கணக்குத் தீர்த்த பிறகே, 2015-இல் பேயின் பெயரிலேயே படம் எடுத்தனர். 2025-இல் பாண்ட் படங்களின் படைப்புக் கட்டுப்பாடே அமேசான் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. உலகையே வளைக்கப் பார்க்கும் கூட்டங்களை எதிர்த்து நிற்கும் தனி வீரனுக்கு வாய்த்த எசமானரைப் பாருங்கள்!

குவாரலை மறந்திருக்க மாட்டீர்கள். 1973-இல் வெளிவந்த 'லிவ் அண்ட் லெட் டை' படத்தில் பாண்டுக்குப் படகோட்ட ஓர் இளைஞன் வருகிறான். பெயர் இளைய குவாரல். தீயில் வெந்தவனின் மகன். தந்தை எப்படிச் செத்தான் என்று அவன் கேட்கவில்லை, படகை எடுக்கிறான். சென்னை மாநிலத்தில் 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்து, 1954-இல் நாம் ஒழித்துக்கட்டிய கல்வித் திட்டத்துக்கு அப்பிள்ளை எடுத்துக்காட்டாக நின்றிருப்பான்.