ஐஸ் டீ இல்லை, ரூட் பீர்

'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் எஃப்.பி.ஐ. ஜோடியான மல்டர்–ஸ்கல்லியின் பரம ரசிகர்கள் முதலில் கையில் எடுப்பது, 1998-இல் வந்த அதன் திரைப்படத்தின் நடைக்கூடக் காட்சியைத்தான். மல்டரின் வீட்டு வாசல், நெருங்கி வரும் இரண்டு முகங்கள், கடைசி நொடியில் காரியத்தைக் கெடுக்கும் தேனீ. காட்சியில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பாதி வேலையை வசனமே செய்துவிடுகிறது. தன்னை நேர்மையாக வைத்திருந்தவள் அவள்தான், முழு மனிதனாக்கியவளும் அவள்தான் என்று மல்டர் வாய்விட்டே சொல்லிவிடுகிறான். ஐந்து சீசன்களாக யாரும் சொல்லாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம் அது. சொன்னதும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

இந்த ஜோடியின் உச்சம் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, தெருவோரம் நிறுத்திய ஒரு காருக்குள் நிகழ்ந்துவிட்டது. 1994 ஏப்ரல் 22 அன்று ஒளிபரப்பான 'டூம்ஸ்' அத்தியாயம். எழுதியவர்கள் க்ளென் மார்கனும் ஜேம்ஸ் வாங்கும், இயக்கியவர் டேவிட் நட்டர். விடுதலையாகி வந்துவிட்ட கொலைகாரனை மல்டர் தூக்கமில்லாமல் தனியாகக் கண்காணிக்கிறான். கையில் ஒரு காகிதப் பையோடு வந்து பக்கத்து இருக்கையில் உட்காருகிறாள் ஸ்கல்லி. இப்படித் தனியாளாகக் காவல் இருப்பது விதிமுறைக்கு விரோதம் என்று ஆரம்பிக்கிறாள். பிறகு அவனை 'ஃபாக்ஸ்' என்று முதற்பெயரிட்டு அழைத்துப் பார்க்கிறாள். அவன் சிரித்துவிடுகிறான், பெற்றோரையே தன்னை மல்டர் என்றுதான் கூப்பிட வைத்தவனாம். அவள் சற்றே தடுமாறி, மறுபடி 'மல்டர்' என்று தொடங்கி, உன்னைத் தவிர வேறு யாருக்காகவும் என்னை இப்படிப் பணயம் வைக்கமாட்டேன் என்கிறாள். அதற்கு அவன் பதில்: அந்தப் பைக்குள் ஐஸ் டீ இருந்தால் இது காதலாகக்கூட இருக்கலாம். அவள் பையிலிருந்து எடுப்பது ரூட் பீர். விதி அப்படி, என்கிறாள். பிறகு அவனை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லிவிட்டுக் காவலைத் தான் ஏற்றுக்கொள்கிறாள்.

ரசிக்க வேண்டிய இடம் நகைச்சுவை வரி அல்ல, அதற்கு முந்தைய தடுமாற்றம். அப்போது ஸ்கல்லியாக நடித்த ஜில்லியன் ஆண்டர்சனுக்கு வயது 25. 'ஃபாக்ஸ்' எடுபடாமல் போனதும் அவர் முகத்தில் ஒரு சிறு வெட்கம் வந்து போகிறது; அதை மறைக்கப் பெரிதாக எதுவும் செய்யாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். சொன்னது பெரிய வார்த்தை என்று இருவருக்கும் தெரியும். அதை வேடிக்கையாக்கி, இருவரும் முகம் கோணாமல் பின்வாங்க வழி செய்து கொடுக்கிறான் மல்டர். அவளும் அதே விளையாட்டில் பதில் கொடுக்கிறாள். அணைப்பு இல்லை, தொடுதல்கூட இல்லை.

இதற்கு வித்து 1993 செப்டம்பர் 10 அன்று ஒளிபரப்பான முதல் அத்தியாயத்திலேயே விழுந்துவிட்டது. ஆரிகனில் ஒரு மோட்டல் அறை, மின்சாரம் போயிருக்கிறது. முதுகில் தென்பட்ட தடிப்புகளைக் கண்டு பயந்து ஓடிவருகிறாள் ஸ்கல்லி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்த மல்டர், கொசுக்கடிதான் என்கிறான். அதன்பின் அவள் படுக்கையில், அவன் தரையில். காணாமல் போன தங்கையின் கதையை அவன் சொல்ல, அவள் கேட்கிறாள். அவன் சொல்ல அவள் கேட்பது, நம்பாமலே முழுக்கக் கேட்பது: மொத்தத் தொடரும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது. மல்டராக நடித்த டேவிட் டுகாவ்னியின் ஏற்ற இறக்கமற்ற குரலுக்கு ரசிகர்கள் ஏராளம், நியாயம்தான். ஆனால் அந்தக் குரல் எடுபட்டதற்கு எதிரில் ஆண்டர்சன் கேட்ட விதமும் காரணம். 1997-இல் சிறந்த நடிகைக்கான எம்மி விருது அவருக்குக் கிடைத்தது தற்செயல் அல்ல.

அலைபேசி உரையாடல்களையும் விட்டுவிட முடியாது. இருவரும் பெயர் சொல்லிக்கொள்வதில்லை. 'நான்தான்' என்றால் போதும். மாமூல் காதல் தொடர்கள் ஒரு சீசன் முழுக்க முயன்றும் எட்டாத உரிமை அது.

இரண்டாம் சீசனின் 'இர்ரெசிஸ்டிபிள்' முடிவில், கடத்தப்பட்டு மீண்ட ஸ்கல்லி தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிக்கிறாள். மல்டர் மோவாயைத் தொட்டு முகத்தை நிமிர்த்தியதும் உடைந்து அழுகிறாள். மூன்றாம் சீசனின் 'புஷர்' இன்னும் சிக்கனம். மருத்துவமனையில் குற்றவாளியைப் பார்த்தபடி நிற்கும்போது அவள் அவன் கையைப் பற்றுகிறாள், அவ்வளவுதான். எழுதியவர் வின்ஸ் கில்லிகன். பின்னாளில் 'பிரேக்கிங் பேட்' படைத்தவர்.

காதலே கூடாது என்று வாதிட்ட 'நோரோமோ' கட்சிக்கும், சேர்த்து வைத்தே தீரவேண்டும் என்ற 'ஷிப்பர்' கட்சிக்கும் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. முதல் கட்சியின் துருப்புச்சீட்டு 'மூன்லைட்டிங்': சிபில் ஷெப்பர்டையும் புரூஸ் வில்லிஸையும் சேர்த்து வைத்ததோடு தொடர் படுத்துவிட்டது என்பார்கள். பழியைச் சேர்க்கையின் மேல் போடுவது எளிது. சேர்ந்த பிறகு அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று எழுத்தாளர்களுக்குத் தெரியாமல் போனதுதான் கோளாறு. மல்டருக்கும் ஸ்கல்லிக்கும் வேலை எப்போதும் இருந்தது. பிணப்பரிசோதனை மேசையும் அடித்தளத்து அலுவலகமும்தான் அவர்களுடைய நந்தவனம்.

வெளிச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. முதல் ஐந்து சீசன்கள் வான்கூவரில் படமாயின. முதல் மூன்றுக்கும் ஒளிப்பதிவாளரான ஜான் பார்ட்லி இருட்டை இருட்டாகவே விட்டார். இரண்டு டார்ச் விளக்குகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும், நடுவில் பாதி முகம் தெரியும். ஆறாம் சீசனில் படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறியது. வெயில் வந்தது, கூடவே விளையாட்டுத்தனமும். டுகாவ்னியே எழுதி இயக்கிய 'தி அன்னேச்சுரல்' முடிவில் மல்டர் அவளுக்குப் பேஸ்பால் மட்டை பிடிக்கக் கற்றுத்தருவது, அந்த வெயில் காலத்தின் நல்ல விளைச்சல்.

முத்தம் வந்தது 1999 நவம்பரில், 'மிலேனியம்' அத்தியாயத்தில். புத்தாண்டு பிறக்கும் நொடியில், சுருக்கமாக. உலகம் முடிந்துவிடவில்லையே என்கிறான் மல்டர். நோரோமோக்களுக்கு இதைவிடப் பணிவான பதில் கிடையாது. அடுத்த ஆண்டு ஆண்டர்சன் எழுதி இயக்கிய 'ஆல் திங்ஸ்', அவள் உடுத்திக்கொள்வதையும் அவன் கட்டிலில் தூங்குவதையும் காட்டிவிட்டு விளக்கமின்றி நகர்ந்தது. அதோடு நிதானம் போயிற்று. எட்டாம் சீசனில் டுகாவ்னி பாதி அத்தியாயங்களில்தான் இருந்தார். ஒன்பதாவதில் மல்டர் திரும்புவது இறுதியில்தான். வாழ்க்கையின் முக்கியத் திருப்பங்கள் திரைக்கு வெளியே நடந்தன.

ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் என்ற பழைய கணக்கு ஒழிந்ததும் ஒரு நஷ்டம். காருக்குள் வீணே உட்கார்ந்திருக்கும் நேரம் அதில்தான் கிடைத்தது. எட்டு அத்தியாயச் சீசன்களில் ஜோடிகள் சந்திக்கிறார்கள், சேர்கிறார்கள், பிரிகிறார்கள்; சேர்ந்து சலித்துக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் இல்லை. 2016-இல் ஆறு அத்தியாயங்களோடு மீண்டு வந்த 'எக்ஸ் ஃபைல்ஸ்' ஜோடியைப் பிரித்தே வைத்திருந்தது. 2018-இல் பத்து. அவற்றில் க்ளென் மார்கன் இயக்கிய, ஏறக்குறைய வசனமே இல்லாத அத்தியாயம் ஒன்று பழைய தரம்; உணவகத்தில் கைபேசிகளை ஓரம் வைத்துவிட்டு அவள் அவன் கையைத் தொடுகிறாள். அதே சீசனின் முதல் அத்தியாயமோ, அவர்கள் மகன் வில்லியம் மல்டருக்குப் பிறந்தவனே அல்ல, தொடரின் வில்லனான சிகரெட் மனிதனின் விஞ்ஞானச் சோதனையில் உருவானவன் என்று அறிவித்தது. இறுதி அத்தியாயம் ஈடுகட்டுவதுபோல் ஸ்கல்லியை மறுபடி கர்ப்பமாக்கியது. எழுதியவர் இந்த ஜோடியை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரேதான்.